கூந்தல் தைலமும் ஒப்பீட்டுப் பாத்தியும்

சில மாதங்களுக்கு முன், நிலக்கடலையில் சுருள்பூச்சிக் கட்டுப்பாடு பற்றிப் பேச ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் வந்த வேளையில் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, கடலை இருக்கட்டும். தைலக் கம்பெனிக்குக் கொள்முதல் செய்கிறவர் என்று ஒருவர் வந்தார். அரை ஏக்கரில் கரிசலாங்கண்ணி போடச் சொல்கிறார். வாய்க்கால் வரப்பில் சும்மா முளைக்கிற பூண்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? அந்தத் தைலத்தில் நிஜமாகவே முடி வளருமா?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. பின்னால் கைக்குழந்தையுடன் நின்றிருந்த அவர் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக் கொண்டார். எல்லாரும் கலைந்த பிறகு மாமியாரோடு என்னிடம் வந்தார். "பிள்ளை பெத்து நாலு மாசம் ஆச்சுங்க. சீப்பு வச்சா கொத்துக் கொத்தா வருது. மூணு பாட்டில் தைலம் வாங்கிட்டேன். ஆடு வித்த காசு அதுலயே போச்சுங்க" என்றார்.

மாமனாருக்கு அரை ஏக்கர் நிலம் பற்றிய கவலை. மருமகளுக்குத் தலைமுடி பற்றிய கவலை. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: அந்தத் தைலத்தை யார், எப்படிச் சோதித்தார்கள்? இதை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் இந்தச் சோதனை முறை பிறந்த இடமே வயல்தான்.

முடி உதிர்வது ஏன்?

ஒருவர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தனிப் பயிர் போன்றது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும். மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். பிறகு வளர்ச்சி நின்று, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்து விழும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும்.

எந்த நேரத்திலும் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரம் முடிகள் ஓய்வில் இருக்கும் என்று வையுங்கள். அவை நூறு நாளில் விழுந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு நூறு முடி. ஆகவே 50 முதல் 100 முடி வரை தினமும் உதிர்வது இயற்கையே. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அதற்கு மேல் கொட்டினால் காரணம் தேட வேண்டும். பெண்களிடம் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று வகை.

முதலாவது, உடலுக்கு நேர்ந்த அதிர்ச்சியால் வரும் உதிர்வு. பிரசவம், கடுங்காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, திடீரென உணவைக் குறைத்தல் ஆகியவற்றுக்குப் பின் பல முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாகக் கொட்டும். காய்ச்சலை மறந்துவிட்டு, அன்று மாற்றிய சோப்பின் மேல் பழி போடுவார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்து தேறிய பலருக்கு இப்படித்தான் கொட்டியது. காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் உதிர்வு தானே நின்று, முடி திரும்ப வளரும்.

இரண்டாவது, வகிடு அகன்று கொண்டே போகும் வகை. நெற்றி ஓரத்து முடி அப்படியே இருக்கும், உச்சியில் மெலியும். பரம்பரையும் வயதும் இதற்குக் காரணம். இது தானே சரியாவதில்லை.

மூன்றாவது, நாம் புழுவெட்டு என்று சொல்வது. காசு அளவில் வட்டமாக, வழவழப்பாக முடி போய்விடும். பெயரில்தான் புழு உண்டு. உண்மையில் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் ஏற்படுவது இது. சிலருக்குத் தானே முளைத்தும் விடும்.

இவை தவிர இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பிக் கோளாறு, முடியை இறுக்கிப் பின்னி இழுத்துக் கட்டுதல் ஆகியவையும் உதிர்வைக் கொண்டு வரும். நெல்லில் இலை பழுத்தால் தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேரழுகலா என்று பார்க்காமல் மருந்தடிப்பீர்களா? தலைக்கும் அதே நியாயம்தான்.

நான் ஏமாந்த கதை

வேலையில் சேர்ந்த புதிதில், மிளகாய்க்கு ஓர் இலைக் கரைசலைத் தெளிக்கச் செய்தேன். தோட்டம் முழுவதும் தெளித்தோம். அவ்வாண்டு மகசூல் முந்திய ஆண்டை விட நன்றாக இருந்தது. ஊர் ஊராகச் சொன்னேன். பலர் தெளித்தார்கள்.

மறு ஆண்டு, ஒரு மூத்த விஞ்ஞானி, "நான்கு பாத்தியைத் தெளிக்காமல் விட்டுப் பார்" என்றார். விட்டேன். காய்ப்பு முடிந்து எடை போட்டபோது, தெளித்த பாத்திக்கும் தெளிக்காத பாத்திக்கும் வித்தியாசமே இல்லை. முந்திய ஆண்டு மகசூலைக் கூட்டியது காலத்தில் பெய்த மழை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என் பேச்சைக் கேட்டுச் செலவு செய்தவர்களிடம் போய், தவறு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தெளிக்காத பாத்தி இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை.

பிரசவத்திற்குப் பின் முடி கொட்டும்போது தைலம் வாங்குகிறோம். ஆறு மாதத்தில் உதிர்வு தானே நிற்கிறது. தைலத்திற்குப் பெயர் கிடைக்கிறது. தடவாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட அங்கே ஒப்பீட்டுப் பாத்தி இல்லை.

வயலிலிருந்து மருத்துவமனைக்கு

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணை இன்றும் நடந்து வருகிறது. 1919ல் அங்கு ரொனால்டு ஃபிஷர் என்ற கணித அறிஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வயலில் ஒரு மூலை வளமாகவும் மறு மூலை சாரமற்றும் இருக்கும். புது உரத்தை வளமான மூலையில் போட்டால் உரம் வென்றதாகத் தோன்றும். ஆகவே எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதன் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் முடிவு செய்ய வேண்டும், ஒரே உரத்தைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் வகுத்தார். நம் ஆராய்ச்சி நிலையங்களில் நீங்கள் காணும் சோதனைத் திடல்கள் இந்த முறைப்படி அமைந்தவையே.

பின்னர் மருத்துவர்களும் இதை மேற்கொண்டார்கள். 1948ல் பிரிட்டனில் 107 காசநோயாளிகளை இப்படிக் குலுக்கிப் பிரித்து, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த முடிவு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மருந்தும் ஓய்வும், மறு பகுதியினருக்கு ஓய்வு மட்டும். பாத்தியின் இடத்தில் மனிதர்கள். அவ்வளவே வேறுபாடு.

தைலத்தை எப்படிச் சோதிக்க வேண்டும்?

தலையில் தடவும் மூலிகை எதுவானாலும் கீழ்க்கண்ட முறைப்படி சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

1. ஒரே வகை உதிர்வு உள்ள பெண்களையே சேர்க்க வேண்டும். பிரசவ உதிர்வையும் வகிடு அகல்வதையும் கலந்தால், நெல்லையும் கேழ்வரகையும் ஒரே திடலில் எடை போட்டது போலாகும். இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் உள்ளவர்களை முன்கூட்டியே கண்டறிய வேண்டும்.

2. யாருக்கு மூலிகைத் தைலம், யாருக்கு வெறும் எண்ணெய் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும்.

3. வெறும் எண்ணெயும் நிறத்திலும் மணத்திலும் மூலிகைத் தைலம் போலவே இருக்க வேண்டும். தினமும் தேய்ப்பதே கூடப் பலன் தரலாம். ஆகவே இரு பிரிவினரும் ஒரே மாதிரி தேய்க்க வேண்டும்.

4. தடவுகிற பெண்ணுக்கும் முடியை எண்ணுகிறவருக்கும் எது எந்தப் புட்டி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டபடி எண்ணும்.

5. தலையில் சிறு புள்ளியைப் பச்சை குத்தி அடையாளமிட்டு, அதைச் சுற்றி ஒரு சதுர சென்டிமீட்டரில் உள்ள முடிகளைப் பெரிதாக்கிய படத்தில் எண்ண வேண்டும். பயிர் அறுவடைச் சோதனையில் அளந்த இடத்தை அறுத்து எடை போடுவதில்லையா, அது போல.

6. குறைந்தது ஆறு மாதம் நடத்த வேண்டும். முடிக்கும் பட்டம் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 823 பெண்களிடம் ஆறு ஆண்டு பார்த்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் உள்ள முடி ஜூலை மாதத்தில் மிகுந்து காணப்பட்டது. உதிர்வு மிகுந்த பருவத்தில் தைலம் தொடங்கி, குறையும் பருவத்தில் எண்ணினால், எந்த எண்ணெயும் ஜெயித்துவிடும்.

இதுவரை நடந்த சோதனைகள்

செம்பருத்தியை முதலில் பார்ப்போம். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2003ல் வெளியிட்ட ஆய்வில், செம்பருத்தி இலைச் சாறும் பூச்சாறும் எலிகளிடம் சோதிக்கப்பட்டன. பூவை விட இலைச் சாறு முடி வளர்ச்சியை அதிகம் தூண்டியது. நம் வீட்டில் பூவைத்தான் எண்ணெயில் போடுகிறோம் என்பது கவனிக்க வேண்டியது.

கரிசலாங்கண்ணியையும் எலிகளிடம் சோதித்து, நல்ல பலன் கண்டதாக 2008ல் ஆய்வு வெளியானது. ஆனால் அங்கே பயன்பட்டது பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானில் எடுத்த சாரம். நாம் வாணலியில் காய்ச்சுவது வேறு. மேலும், எலியின் முடி ஒரு பகுதி முழுவதும் சேர்ந்து வளர்ந்து சேர்ந்து ஓயும். மனிதத் தலையில் ஒவ்வொரு முடியும் தனிக் கணக்கில் நடக்கும். பானையில் வளர்த்த செடியை வைத்து ஏக்கர் மகசூல் சொல்ல முடியாது. பெண்களிடம் பெரிய அளவில் ஒப்பீட்டுச் சோதனை நடந்த பின்னரே உறுதி கூற இயலும்.

வெங்காயச் சாறு பற்றி ஈராக்கில் 2002ல் ஒரு சோதனை வெளியாயிற்று. புழுவெட்டு உள்ளவர்களில் 23 பேர் வெங்காயச் சாறும் 15 பேர் குழாய்த் தண்ணீரும் தினம் இருமுறை தடவினர். சாறு தடவியவர்களில் 20 பேருக்கும், தண்ணீர் தடவியவர்களில் 2 பேருக்கும் முடி முளைத்தது. முடிவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெங்காய வாடையை மறைக்க முடியாது. யார் எதைத் தடவினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆட்களும் சொற்பம். புழுவெட்டுக்குக் கண்ட பலனை வகிடு அகல்வதற்குப் பொருத்துவதும் தவறு.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1998ல் வெளியான சோதனை இதை விடச் சிறந்தது. ரோஸ்மேரி, லாவண்டர் முதலிய நான்கு வாசனைத் தைலங்களை அடிப்படை எண்ணெயில் கலந்து ஒரு பிரிவினரும், அடிப்படை எண்ணெயை மட்டும் மறு பிரிவினரும் ஏழு மாதம் தினமும் தேய்த்தனர். தைலப் பிரிவில் 43 பேரில் 19 பேருக்கும், வெறும் எண்ணெய்ப் பிரிவில் 41 பேரில் 6 பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இதுவும் புழுவெட்டு நோயாளிகளிடம் நடந்ததே. வெறும் எண்ணெயிலும் ஆறு பேர் தேறினர் என்பதைக் கவனியுங்கள். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதிருந்தால் அந்த ஆறு பேரும் தைலத்தின் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

ரோஸ்மேரித் தைலத்திற்கு இன்று பெரும் விளம்பரம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஈரானில் 100 பேரிடம் நடத்தி 2015ல் வெளியிட்ட சோதனை. ரோஸ்மேரியும் 2 சதவீத மினாக்சிடில் மருந்தும் ஆறு மாத முடிவில் சமமாக நின்றன. மூன்று மாதத்தில் இரண்டிலும் பலன் தெரியவில்லை. ஆனால் சோதிக்கப்பட்ட நூறு பேரும் ஆண்கள். எதுவும் தடவாத பிரிவு வைக்கப்படவில்லை. பெண்களுக்கான தைலம் என்று விற்க இது போதாது.

மினாக்சிடில் என்பது முதலில் இரத்தக் கொதிப்புக்கு வந்த மருந்து. அதை உண்டவர்களுக்கு முடி வளர்வதைக் கண்டு தலைக்குத் தடவும் மருந்தாக மாற்றினர். அமெரிக்காவில் 1988ல் ஆண்களுக்கும் 1991ல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2004ல் வெளியான சோதனையில் 381 பெண்கள் 48 வாரம் கலந்து கொண்டனர். மருந்து தடவியவர்கள் மருந்தில்லாத நீர் தடவியவர்களை விட நல்ல பலன் கண்டனர். வகிடு அகலும் வகைக்கே இது ஏற்றது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தடவக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம். மூலிகைத் தைலங்கள் ஏறிக் கடக்க வேண்டிய வரப்பு எவ்வளவு உயரம் என்று காட்டவே இதைச் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். முடித்தண்டில் ஊடுருவி, அதிலுள்ள புரதம் கழுவிப் போகாமல் தேங்காய் எண்ணெய் காக்கிறது என்று 2003ல் வெளியான மும்பை ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே இருக்கிற முடி உடையாமல் காக்கத் தேங்காய் எண்ணெய் நல்லது. புது முடி முளைக்க வைப்பது வேறு வேலை.

மூலிகை பயிரிடுவோர் கவனிக்க

கரிசலாங்கண்ணியில் வெள்ளைப்பூ, மஞ்சள்பூ என்று சொல்வது ஒரே செடியின் இரு ரகமல்ல. இரண்டும் வேறு வேறு செடி. வாங்குபவருக்கு எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

விலை, அளவு, ஈரப்பதம், எடுக்கும் நாள், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தப் பண்ணையத்திற்கென்று தமிழ்நாட்டில் 2019ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. வாய்ப்பேச்சை நம்பி விதைக்காதீர்கள்.

முதல் முறை ஐந்து சென்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். வேலை ஆள் செலவையும், காய்ந்த பின் நிற்கும் எடையையும் குறித்து வையுங்கள். பச்சை எடையில் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் பலர். பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்பிலிருந்து மூலிகை பறித்து விற்காதீர்கள்; அது இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலைக்குப் போகிறது.

வழுக்கையைக் குணமாக்கும், புது முடி வளர்க்கும் என்று மருந்தின் பேரில் உறுதி கூறுவதை 1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 'ஜே' பட்டியல் தடுக்கிறது. அப்படிப் பேசியே உங்களிடம் நிலம் கேட்பவரின் தொழில் எத்தனை நாள் நிலைக்கும் என்று யோசியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அதிகமாக முடி கொட்டும் பெண்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை தந்தால் தவறாமல் சாப்பிடுங்கள். முருங்கைக் கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு வகைகளோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக் கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும்.

எந்தத் தைலமானாலும் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் தலையில் வைக்காதீர்கள். வாசனைத் தைலங்களை எண்ணெயில் கலக்காமல் நேராகத் தடவக் கூடாது.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வட்டமாக முடி போனாலும், வகிடு தொடர்ந்து அகன்றாலும், தலைத்தோலில் புண், செதில், சீழ் கண்டாலும் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அந்த மருமகளுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. மாத்திரை தந்தார்கள். அண்மையில் அவ்வூருக்குப் போயிருந்தேன். குழந்தை தளர்நடை போடுகிறது. அவர் நெற்றியோரத்தில் அரை விரல் நீளத்திற்குப் புது முடி எழுந்து நிற்கிறது. "மாத்திரையிலதான் வளர்ந்துச்சுங்க" என்றார் மகிழ்ச்சியாக.

பிரசவ உதிர்வு மாத்திரை இல்லாமலும் தேறியிருக்கும். அதை ஒப்பீட்டுப் பாத்தி இன்றி நான் உறுதி சொல்ல முடியாது. அவரிடம் அதையும் சொன்னேன். ஆனால் நடவு வயலில் முன்பு போல் தலை சுற்றுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை என்கிறார். அதற்காகவே மாத்திரையைத் தொடர வேண்டும் என்றேன். மாமனார் ஐந்து சென்ட்டில் கரிசலாங்கண்ணி போட்டிருக்கிறார். மீதி நிலத்தில் கடலை நிற்கிறது. எடை போட்ட பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார்.